பியூலாவின் முதல் கியர்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ராஜபாளையத்தில் அய்யூப்பின் ஒர்க்‌ஷாப்பில் என் காரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த நான் பக்கத்து வண்டியின் வழக்கைக் காதில் வாங்கிக்கொண்டேன். அழகாகத் தொடங்கலாமே என்று,

மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருக்க, பழைய பிக்கப் ஒன்று

என்று எழுதி நிறுத்தினேன். மேகத்துக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்?

2

பியூலா தன் பழைய பிக்கப்பில் சேத்தூரில் பால் கேன்களை ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளில் இறக்குகிறவள். பத்து நாளாக, நின்று கிளம்பும்போதெல்லாம் முதல் கியர் கரகரவென்று கத்துகிறது. "கியர்பாக்ஸ் போச்சு. ஞாயித்துக்கெழம வாங்க ஆள் வருதான், தள்ளி விட்டுருவோம்" என்றான் கணவன் சாம்சன். வண்டி போனால் அவள் பழையபடி மில் வேலைக்குத்தான் போக வேண்டும்.

(முதல் வரைவில் நானும் கியர்பாக்ஸைத்தான் உடைத்திருந்தேன். அய்யூப்புக்குப் படித்துக் காட்டினேன். "பல்லு ஒடிஞ்சிருந்தா எஞ்சின் ஆஃப்ல மட்டும் எப்பிடி சார் ஒழுங்கா விழும்?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் போட்டா கியர் விழுதாம்மா?"

"சத்தமே இல்லாம விழுது பாய்."

"அப்ப கியர்பாக்ஸ் நல்லாருக்கு. கிளட்ச்தான் முழுசா விடல."

அய்யூப் தன் செருப்பைத் தரையில் விட்டுவிட்டு ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். வண்டி முனகக்கூட இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. ஒங்க கால்லதான் ஏதோ இருக்கு."

"எட்டு வருசமா இந்தக் காலாலதான பாய் மிதிக்கேன்?" பியூலாவுக்கு அழுகை முட்டியது.

இந்த இடத்தில் எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவளுக்கு ஓட்டத் தெரியாதோ? எழுதுகிறவனே இப்படி நினைத்தால் அவள் யாரிடம் போவாள், பாவம். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு அவளை மறுபடி வண்டியில் ஏற்றினேன்.

4

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பஸ் குறுக்கே வந்தது. நின்றாள். கிளம்பும்போது அதே கரகரப்பு. முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

சோறு போடுகிற வண்டியை அவள் செருப்புக் காலால் மிதிப்பதில்லை. ஏறியதும் கழற்றிக் காலாலேயே இடப்பக்கம் தள்ளிவிடுவாள், இறங்கும்போது மாட்டிக்கொள்வாள். இப்போது இரண்டு விரற்கடைப் பருமனுள்ள அவள் புதுச்செருப்பு, பிரேக் போட்டதில் சறுக்கி வந்து, கிளட்ச் பெடலுக்கு அடியில் சொகுசாகப் படுத்திருந்தது. அய்யூப் ஓட்டியபோது அது அவள் காலில் இருந்தது.

எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள். பெடல் அடிவரை இறங்கியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க அவள் தனியாகச் சிரித்தாள்.

5

இனி சாம்சனிடம் சொல்ல வேண்டும். "செருப்புதான்" என்றால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். "அய்யூப் பாய் சரிபண்ணிட்டாரு" என்றால், என்ன சரிபண்ணினீர்கள் என்று அவன் போய்க் கேட்பான், பாய் மாட்டிக்கொள்வார்.

(ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அந்தச் செருப்பு பத்து நாளைக்கு முன் கல்யாண நாளுக்கு வந்த பரிசு. கடை கடையாக ஏறி, கனமானதாகப் பார்த்து வாங்கியவன் சாம்சன்.)

யோசித்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "ஏட்டி, என்னாச்சு? வண்டி நின்னுட்டா?"

அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.