மீன் திரும்ப இடம்

என் கணவர் அருணகிரிக்கு முதல் தடவை நெஞ்சு வலித்தபோது, வேலூர் டாக்டர் மாத்திரையோடு ஒரு யோசனையும் சொன்னார். வீட்டில் மீன் வளர்த்து, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் படபடப்பு குறையுமாம். அது 2002. டாக்டர் மனதில் இருந்தது விரல் நீளச் சிவப்பு மீனாக இருக்கும். இவரோ பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த காத்தவராயனிடம் போய் அரோவனா வாங்கி வந்தார். ஊரில் அப்போது அதற்கு வாஸ்து மீன் என்று பெயர். வீட்டுக்கு வரும் கண்டத்தை வாங்கிக்கொண்டு அது செத்துப்போகும், எஜமானர் பிழைத்துக்கொள்வார் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

அன்றைக்கு அது பேனா அளவுதான். ஆனால் காத்தவராயன் நேர்மையான ஆள்.

"மூணு அடி வளரும்ங்க. பின்னால என்னிய திட்டக்கூடாது. தொட்டி பெருசா வேணும்."

"பெருசுன்னா எப்படி?"

"நல்லா நீளமா..."

அதற்குமேல் இவர் கேட்கவில்லை. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். பாவு நூல் எவ்வளவு நீளம் போடுவது என்பதில்தான் எங்கள் யோசனை முழுவதும். அகலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது தறியில் அச்சு மாட்டும்போதே முடிந்துபோன விஷயம். இவர் வீட்டுக்கு வந்து, ஒரு புடவை நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்யச் சொன்னார். அகலம் ஒன்றேகால் அடி. தெருவாசலிலிருந்து சமையலறை வரை போகும் நடையில் சுவரோரமாக அது வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தோம். இவருடைய அக்கா ஜெயம் கொஞ்சம் கனத்த உடம்பு. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வருவார். "எந்தம்பி வூட்டுக்கு நானு திருட்டுப்பூனயாட்டம் வந்துகினு கீறேன்" என்பார்.

மீன் தின்றது, வளர்ந்தது. என் தம்பி லோகநாதன் அதற்காகவே கரப்பான் பிடிக்கப் பழகினான். முதலில் தொட்டியின் கோடியில் சுலபமாகத் திரும்பியது. பிறகு வில்லாக வளைந்து திரும்பியது. ஒருநாள் காலையில் தெருப்பக்கக் கண்ணாடியில் மூக்கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் போக அதற்குத் தெரியவில்லை. திரும்ப இடமில்லை.

இவர் ஈர வேட்டியில் மீனைச் சுற்றித் தூக்கினார். ஆனால் நடையில் மிச்சமிருந்த வழியில் அவரும் மீனுமாகத் திரும்ப முடியவில்லை. நேராகத் தெருவுக்குப் போய், அங்கே ஒரு சுற்று சுற்றி, உள்ளே வந்து தொட்டியில் விட்டார். மீன் சமையலறைப் பக்கம் சந்தோஷமாகப் போனது. போய், அங்கே மூக்கை வைத்து நின்றது.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று அதுவே வழக்கமாகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார்கள். பூ விற்கும் முனியம்மாள், "இன்னா நாயினா, இன்னிக்கி சாமி பொறப்பாடு லேட்டு?" என்று கேட்பாள்.

இரண்டாவது தடவை வலி வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்த டாக்டர், அதுவரை தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் ஜெயம் அண்ணி வழி சொன்னார்.

"உட்டுடுடா. அது வந்ததே அதுக்குத்தானே? நின்ன எடத்துல நின்னு செத்தா, உன் கண்டம் அதோட போச்சு."

"எனக்கு வந்த நோவுக்கு அது இன்னாக்கா பண்ணும்? அளவு தப்பு என்னுது. அது தானா திரும்பணும். அத்தப் பாக்காத நான் வேலூருக்கு வரமாட்டேன்."

"மீனுக்காவ சாவப்போறியா?"

"மீனு எனக்காவ சாவலாமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அவருடைய நம்பிக்கையில் எனக்குக் கடுகளவு பங்கு இருந்திருந்தால், அன்றைக்கே அதைக் குழம்பு வைத்திருப்பேன். இல்லாததால் லோகநாதனைக் கூப்பிட்டேன். மீன் நீளத்துக்கு ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, கையை நீட்டாமல் ஒவ்வொரு அறையிலும் சுற்றச் சொன்னேன். எங்கே இடிக்காமல் சுற்றுகிறானோ அங்கே தொட்டி.

சாமி அறையில் குங்குமத்தைக் கொட்டினான். தறி இருந்த அறையில் இழை அறுத்தான். "மாமா, மீனா இருக்கறது பேஜாரான வேலை" என்றான். கடைசியில் ஒரே ஓர் இடத்தில்தான் எதிலும் படாமல் சுற்றினான். நானும் இவரும் படுக்கும் அறையில், கட்டிலைத் தூக்கியபிறகு.

கொத்தனார் வந்து அங்கே சதுரமாக சிமென்ட் தொட்டி கட்டினார். சிமென்டின் காரம் போக வாழைத்தண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்தோம். அதுவரை மீனைத் தெருவுக்குத் தூக்கிப்போய்த் திருப்புவது லோகநாதன் வேலை. மீன் இடம் மாறிய பிறகு, கண்ணாடித் தொட்டியைக் கழற்றிய நடையில்தான் எங்கள் படுக்கை. அது புடவை நீளம் என்பதால் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தோம். அவருடைய காலடியில் என் தலை.

வேலூர் போக இரண்டு நாள் இருக்கும்போது லோகநாதன் மீனைப் புதுத் தொட்டியில் விட்டான். பழக்கம் போல நேராகப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து நின்றது.  கொஞ்ச நேரம் பொறுத்து வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மெதுவாக, முழுதாகத் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது.

"பாத்தியா அபிதா" என்றார். "இதுக்குப் போய் தெருத்தெருவா தூக்கிகினு சுத்துனேன்."

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதற்குப்பிறகு ஒரு வருஷத்துக்குமேல் இருந்தார். பிறகு ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் படுக்கை அறைக்குள் எட்டிப்பார்த்தார்கள். மீன் உயிரோடு இருந்தது. ஒவ்வொருவரும் அதை முறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

"தின்னதெல்லாம் தின்னுட்டு, ஒண்ணுந்தெரியாத மாதிரி சுத்திகினு கீது பாரு" என்று ஜெயம் அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் இறால் வாங்கிவர லோகநாதனை அனுப்பினேன். வாங்கிக்கொண்டு வந்தவனை அண்ணி வாசலில் மறித்துக்கொண்டார்.

"காரியம் முடியறவரிக்கும் இந்த வூட்டுல கவுச்சி ஆவாது. பட்டினி கெடந்து போவட்டும் அது."

"அண்ணி, தீட்டு நமக்கு. அது நம்ம பங்காளி இல்ல" என்றேன். "அத்த உசுரோட வெக்கணும்னு உங்க தம்பி நெனச்சாரு."

 அண்ணி வழியை விட்டு நகர்ந்தார். "அடுப்பாண்ட கொண்டுபோவாத. அங்கயே போட்டுட்டுக் கைய கழுவு."

நான் தொட்டிக்குப் போய் இறாலை ஒவ்வொன்றாகப் போட்டேன். மீன் வாங்கிக்கொண்டது. அண்ணியும் பின்னாலேயே வந்து, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, அது திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.