எட்டாம் நம்பர் அறையின் போர்மேன்

2007 ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு, சாத்தூரில் கோட்டைச்சாமி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற கோட்டைச்சாமி, அவர் மனைவி கருப்பம்மாள், மகள் வேல்விழி, சென்னையிலிருந்து அன்று காலை ரயிலில் வந்திறங்கிய தம்பி பாலகுரு. சிவகாசியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சங்கரபாண்டியன், அவர் மனைவி முருகம்மாள், மாப்பிள்ளைப் பையன் பிரபாகரன். எட்டாவதாக யாரும் இல்லை. எதிர்வீட்டுச் சொர்ணலட்சுமி தெருவில் நின்று கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

கோட்டைச்சாமி அன்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குக் காரணம் தம்பி.

பாலகுரு பன்னிரண்டாவது முடித்ததும் அண்ணன் அவனைப் பட்டாசுப் பக்கமே வரவிடவில்லை. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்தச் சேர்த்துவிட்டார். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பார்த்தவன், தாளின் ஓரத்தில் வெட்டி எறிகிற நான்கு விரல் வெள்ளைப் பகுதியின் மேல் கண் வைத்தான். முதலாளியிடம் கேட்டு, காலண்டரோடு சேர்த்து அந்த ஓரத்திலேயே குழந்தைக் கதை அடித்தான். உள்ளங்கை அகலப் புத்தகங்கள். ‘எறும்பு வாங்கிய குடை’, ‘ரயிலுக்குப் பல் வலி’ என்று பதினொன்று வந்தன. கதையின் நீளத்தைத் தாள்தான் முடிவுசெய்யும். காலண்டர் பெரிதானால் கதை சுருங்கிவிடும். கிணற்றைத் தாண்டக் குதித்த யானை ஒன்று பாதியில் அப்படியே நின்றுபோய், அடுத்த வருஷத்து ஓரத்தில்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பிறகு சென்னை. ஒரு டிவியில் முதலில் நகைச்சுவை எழுதினான்; நான்கே வருஷத்தில் தயாரிப்பாளர் ஆனான். ‘எட்டாம் நம்பர் ரூம்’ அவன் தயாரிப்பு. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறரைக்கு வரும். அதில் போர்மேன் பொன்னையா என்று ஒருவர். சிரிக்கவே மாட்டார். எங்கே போனாலும் வாசல் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மாமியார் வீடு, ரேஷன் கடை, கல்யாண மண்டபம், எதுவும் விலக்கில்லை.

பட்டாசு அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கோட்டைச்சாமி அந்தப் பழக்கத்தைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரவில்லை. தகடு இல்லாத இடங்களில் சுவரைத் தொட்டார். ஆகவே பொன்னையா யார் என்று சாத்தூரில் யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் ஒருவன் ‘பொன்னையாண்ணே’ என்று கூப்பிட்ட நாளிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஆறரைக்கு, செய்திக்காக நிற்பதாகச் சொல்லிக்கொண்டு, டிவிக்கு முன்னால் நின்றபடியே முழுவதையும் பார்ப்பார்.

அதெல்லாம் போகட்டும். இப்போது மகள் காரியம். முந்தின வரன் “டிவியில வர்ற பொன்னையா வீடா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனது, திரும்ப வரவில்லை. கோமாளி வீட்டுப் பெண் என்று ஒரு சொல் நிலைத்துவிட்டால் வேல்விழிக்கு எங்கே இடம் பார்ப்பது? காலையிலேயே தம்பியிடம் சொல்லிவிட்டார்.

“ஏலே, அவுக முன்னால அந்தப் பொன்னையா பேச்சை எடுக்காத.”

“நான் எடுக்கலண்ணே. நீங்க செவுத்தத் தொடாம இருங்க, போதும்.”

அதனால்தான் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

சேவும் காபியும் வந்தன. வேல்விழி வந்து கும்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். சங்கரபாண்டியன் சேவு மென்றபடி பாலகுருவைப் பார்த்தார்.

“எட்டாம் நம்பர் ரூம் எடுக்கது நீங்கதானாமே?”

“ஆமாங்க.”

“அந்தப் பொன்னையா யாருங்க? எங்க தெருவுல ஆளுக்கு ஒரு பேரு சொல்லுதாக.”

“அது சும்மா கற்பனைங்க. அப்படி ஒரு ஆளே கெடையாது.”

கோட்டைச்சாமிக்குக் காது சுட்டது. கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவருடைய எட்டாம் நம்பர் அறையில் ஒருவர் மேலும் தீப்பொறி பட்டதில்லை. அந்த மனுஷனை இல்லை என்பதா? அதுவும் அவர் வீட்டுக் கூடத்தில், அவர் தம்பி வாயால். பெண் கொடுக்கிற இடத்தில் பொய் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற பேச்சு கோமாளிப் பேச்சைவிடக் கேவலம்.

கைகளை வெளியே எடுத்தார்.

“அது நான்தான்” என்றார். “தம்பி எனக்காகப் பொய் சொல்லுதான். செவுத்தத் தொடுத ஆளு நான்தான். இன்னைக்குத்தான் தொடாம உக்காந்திருக்கேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க. ஆனா இது கோமாளி வீடு இல்ல. என் ரூமுக்குள்ள போன அம்புட்டுப் பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனாக.”

யாரும் சிரிக்கவில்லை. முருகம்மாள்தான் பேசினார்.

“அண்ணே, நான் பதினாலு வருசம் மத்தாப்பு ரூமுல இருந்தவ. இப்ப உங்க வாசச் செவுத்தத் தொட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். நீங்க கவனிக்கல.”

“எங்க வீட்டுல வெள்ளையடிச்சா வாசப் பக்கம் ஒரு வாரம் தாங்காது” என்றார் சங்கரபாண்டியன். “அம்புட்டுச் சுண்ணாம்பும் இவ கையோட போயிரும்.”

பிரபாகரன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. வேல்விழி முந்தானையால் வாயை மூடினாள்.

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். சொல்லவேண்டியது ஒன்று வருஷக்கணக்காக அவர் மனதில் கிடந்தது.

“அந்த நடிகன் வெரல் நுனியால தொடுதாம்லே. உள்ளங்கை முழுசும் படணும். பிள்ளைக பாக்குதுக. திருத்து.”

“அப்ப நீங்க செய்திக்காக நிக்கலயா...” என்று பாலகுரு ஆரம்பித்தான். சிரிப்பும் வந்துவிட்டது. வாயில் சேவு இருந்தது.

தீபாவளி சீசன் முடியட்டும், கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம் என்று அன்றே பேசி முடித்தார்கள். புரட்டாசியிலிருந்து போர்மேன் பொன்னையா உள்ளங்கை முழுவதும் பதியத் தொட்டார்.

சம்பந்தி வீட்டார் முன்னால் கோட்டைச்சாமி தம்பியைத் தலையில் அடித்தார் என்று சொர்ணலட்சுமி கிளப்பிவிட்ட பேச்சு சாத்தூரில் இன்னும் இருக்கிறது. அடிக்கவில்லை. பாலகுருவுக்குப் புரையேறியது. அண்ணன் தலையில் தட்டினார்.