விட்டுவிடச் சொன்ன பாடம்

பருவ வயதில் உடலில் வரும் மாற்றங்கள் பற்றிய பாடத்தை, 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லித் தாண்டிப் போவதுதான் அந்தப் பள்ளியில் வழக்கம். எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் அந்த வருடம் தாண்டவில்லை. பையன்களும் பெண்களும் சேர்ந்திருந்த வகுப்பில், படம் வரைந்து, மாதவிடாய் என்ற சொல்லை மென்று விழுங்காமல் சொல்லி நடத்தினாள்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"கணக்கு வரல, எழுத்து வரல, இது ஒண்ணுதான் குறைச்சலா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாப்கினக்கூடப் பேப்பர்ல சுத்தி ஒளிச்சுத் தர்றவருக்கு இது புரியாது" என்றாள் ஒரு நர்ஸ். பலர் சிரித்துவிட்டார்கள்.

அப்போது டீச்சரின் சொந்த அக்கா எழுந்தாள். அவள் மகளும் அதே வகுப்பு. "எம் பொண்ணுக்கு எதை எப்ப சொல்லணும்னு எனக்குத் தெரியும். கேக்காம எப்படிச் சொல்லலாம்?" தங்கையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

டீச்சரை ஆறாம் வகுப்புக்கு மாற்றுவதாகத் தலைமையாசிரியை அறிவித்தார்.

சாயங்காலம் டீச்சர் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேர் முன்னாடிதான் கேக்கணுமாக்கா?"

"நீ எங்கிட்ட சொல்லிட்டா நடத்தின?"

"நீ அவகிட்ட சொல்லியிருந்தியா? உனக்கு வந்தப்ப, செத்துப்போயிடுவோம்னு பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு அழுத. நமக்கு யாருமே சொல்லலையே."

"மறக்கலடி. ஆனா அன்னிலேருந்து பசங்க இவளத் தாண்டும்போதெல்லாம் மூக்கப் பொத்திக்கிறாங்க. டீச்சர் வீட்டுப் பொண்ணாச்சே, இவதான் வாட்டமா கிடைச்சா. தெரியுமா உனக்கு?"

தெரியாது. டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை.

உள்ளறைக் கதவருகே மகள் வந்து நின்றாள். "பாடம் நல்லாத்தான் இருந்துச்சு, சித்தி. அவங்க அன்னிக்கே சிரிச்சாங்க. நீங்க போர்டுல எழுதிட்டே இருந்தீங்க."

சிரிப்பு டீச்சர் காதில் விழத்தான் செய்தது. திரும்பினால் வகுப்பு கைமீறிவிடும் என்று சாக்பீஸை அழுத்தி எழுதிக்கொண்டே போயிருந்தாள்.

"பயந்துட்டேம்மா" என்றாள் டீச்சர். அக்கா மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் டீச்சர், அந்தப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசும்படி தலைமையாசிரியையிடம் கேட்டாள். "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க டீச்சர். இப்பதான் அடங்கியிருக்கு."

மகளை அக்கா வேறு பிரிவுக்கு மாற்றினாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவள் சித்தியைப் பார்த்துத் தலையசைப்பாள், நிற்கமாட்டாள்.