காற்றில் வெட்டிய தண்டு

பாலன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து வாடிய மிளகாய்க் கிளையை உருவித் தங்கை புனிதாவின் ஆய்வுக்கூட மேசையில் போட்டான்.

"உன் புது ரகம். நல்லா பாத்துக்க."

டெங்கிலில் அவன் குத்தகை நிலம் முழுக்க இதை நடச் சொன்னவள் புனிதாதான். ஸ்ரீ கெம்பாங்கானில் அவள் வேலை செய்யும் விதை நிறுவனத்துக்கே அவனை வரவழைத்து, தண்டின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் காட்டினாள். பழைய ரகத்தின் நீர்க்குழாய்கள் ஊசித்துளை, புதியதில் அகலம். புது ரகக் கிளையைச் சிவப்புச் சாயத்தில் நிறுத்தியதும் சாயம் இலை நரம்புவரை மளமளவென்று ஏறியது. வறட்சி வந்தால் அகலக் குழாயில்தான் சீக்கிரம் காற்று புகுந்து அடைக்கும் என்பதையும் சொல்லியிருக்கலாம். பம்புதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். இப்போது பம்பும் கெட்டு, மழையும் பொய்த்து, செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பழைய ரகமோ திமிராக நின்றது.

"தண்ணி லோரி சொல்லவா, பிடுங்கிட்டு வேற நடவா? ஆளுங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க."

"சாயத்துல வச்சுப் பாப்போம்ணே. ஏறுனா உயிரு இருக்கு. ஏறலன்னா பிடுங்கிரு."

மேலாளர் வாசு கதவில் தலையை நீட்டினார். "புனிதா, மீட்டிங்! எல்லாரும் வெயிட் பண்றாங்க லா."

"இங்கயே இருண்ணே, வந்துடறேன்."

கூட்டம் சாப்பாட்டு நேரத்தையும் விழுங்கியது. புது ரகத்தின் அறிமுக விழாவுக்கு என்ன நிறத்தில் பேனர் வைப்பது என்று சண்டை. திரும்பி வந்தால் பாலன் இல்லை. கிளை சாயக் குவளையில் நின்றது. போன தடவை பார்த்த நினைவில் அவனே வைத்திருக்கிறான். இலை நரம்புகளில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

புனிதா கிளையை வெளியே எடுத்து அடியைப் பார்த்தாள். தோட்டத்தில் கத்தியால் வெட்டி, வெறும் பையில் கொண்டுவந்த தண்டு. வெட்டிய வாய் வழியே காற்று ஏறி அடைத்திருக்கும். உயிருள்ள செடியானாலும் சாயம் ஏறாது. தண்ணீருக்குள் அமிழ்த்திக் கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி வெட்டியிருக்க வேண்டும். அன்று அவள் அப்படித்தான் வெட்டினாள். அப்போது அவன் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்தான்.

அவசர அவசரமாகத் தண்ணீருக்குள் வெட்டிக் கிளையைச் சாயத்தில் நிறுத்தினாள். போனை எடுத்தாள். நாலாவது முறைதான் பாலன் எடுத்தான்.

"அண்ணே, பிடுங்காத!"

"எல்லாம் பிடுங்கியாச்சு, கடைசி வரிசைல நிக்கிறேன் புனிதா." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "நீதானே சொன்ன, ஏறலன்னா பிடுங்கிருன்னு?"

புனிதா குவளைப் பக்கம் திரும்பினாள்.

"ஏன்? ஏறிடுச்சா?"

குவளையில் நுனி இலை, நரம்பு நரம்பாகச் சிவந்துகொண்டிருந்தது.