டீச்சரைக் கேட்டு வாங்கியவர்

வெளிநாட்டு வேலை வீடு தேடி வந்தால் போதும், ஆளாளுக்கு வாய் முளைத்துவிடும். டீச்சர் வீட்டிலும் அதுதான் நடந்தது. நாடு நாடாகக் கிளை பரப்பி ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு தனியார் பள்ளி அவளை ஒரு வருட ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அதிலும் ஒரு கொக்கி. முதலில் வீடியோவில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அங்கே கிளையில் உட்கார்ந்திருக்கும் மாணவர் மூன்று ஆசிரியர்களிடம் பாடம் கேட்டுவிட்டு, தனக்கு யார் வேண்டும் என்று சொல்வார். வேலையில் சேர்ந்த பிறகும் இதே கதைதான். மாணவர்கள் கேட்டு வாங்காத ஆசிரியர் மூன்றாம் மாதமே பெட்டியைக் கட்ட வேண்டும்.

டீச்சர் வருடக்கணக்காக ஒரு டியூஷன் சென்டரில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அதன் முதலாளி சொல்லிச் சொல்லியே, வீட்டில் அவருக்கு 'அடுத்தவருஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விஷயம் காதுக்குப் போனதும் மனிதர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

"தாராளமா போங்க டீச்சர். ஆனா நீங்க ஒரு ஹால் நிறைய பிள்ளைங்களை வச்சு கத்தி நடத்துற ஆளு. அங்க ஒருத்தரை எதிர்ல உட்கார வச்சு நடத்தணும். உங்களை யாரு கேட்டு வாங்கப்போறாங்க? போயிட்டுத் திரும்பி வந்தா இங்க இடம் இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவளுடைய பயமும் அதேதான். இருக்கிறதையும் விட்டுவிட்டு அங்கே போய், ஒருவரும் சீண்டாமல் திரும்பி வந்து நின்றால்?

ஒத்திகைக்கு வீட்டு ஆட்கள்தான் மாட்டினார்கள். லிப்ட் மெக்கானிக்கான கணவன், கல்லூரியில் படிக்கும் மகள், மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மூவரும் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு ஒரு பழக்கம். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி "எல்லாரும்!" என்பாள். மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் குளியலறைக்குள் இருந்தபடியே கணவன் பதில் சொல்கிற அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

மாதிரி வகுப்பு நாளன்று மூவரையும் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "மூச்சு சத்தம்கூட வெளிய கேட்கக் கூடாது!"

திரையில் ஒரு தாட்டியான மனிதர். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவராம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், இவருக்கோ ஆங்கிலத்தில் கேட்க வாய் வராது, தலையாட்டிவிட்டு வெட்டுவார். ஒருவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனாராம். இப்போது கையைக் கட்டிக்கொண்டு, ஊசி போட வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையின் ஓரத்தில் பள்ளியின் மேலாளர் அம்மாள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

எந்த நிமிஷம் என்ன பேச வேண்டும் என்று பள்ளியே எழுதி அனுப்பியிருந்தது. கடைசிப் பகுதி பாடமே இல்லை, புத்தகங்களை வாங்கச் சொல்லித் தூண்டில் போடுவதற்கு! டீச்சர் அதன்படியே உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். மனிதர் மேசையைப் பார்த்தார். மறுபடி கேட்டாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருடைய தவிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. பொழுதுபோக்காவது மண்ணாங்கட்டியாவது என்று தாளை மடித்து வைத்தாள். "எவ்வளவு குறைக்கணும்?" என்பதை ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பழக்கதோஷம், கை தானாக மேலே போனது.

"எல்லாரும்!"

சமையலறைக்குள்ளிருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கிளம்பி வந்தன: எவ்வளவு குறைக்கணும்!

டீச்சருக்கு உயிரே போய்விட்டது. மேலாளரின் புருவம் மேலே ஏறியது. ஆனால் அந்த மனிதர் கட்டிய கையை அவிழ்த்தார். "உள்ளே யாரு?" என்று திக்கித் திக்கி ஆங்கிலத்திலேயே கேட்டார்.

நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு? டீச்சர் கதவைத் திறந்து கணவனை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "இவர்தான் உங்க கஸ்டமர். கேளுங்க."

கணவனின் தலை கவிழ்த்துவைத்த எவர்சில்வர் கிண்ணம். முடிதிருத்துபவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொழில் மரியாதையோடு, எவ்வளவு குறைக்கணும் என்று தெளிவாகக் கேட்டார். கணவன் காதுக்கு மேலே இருந்த நாலு முடியைப் பொத்திக்கொண்டு, தன் அரைகுறை ஆங்கிலத்தில், பார்த்து வெட்டுங்கள், மிச்சம் இதுதான் என்றான். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வாயை யாரால் மூட முடிந்தது? கொழுந்தனின் தாடியை விசாரித்தார், மகளுக்குப் பின்னலே அழகு என்று யோசனை சொன்னார். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் கூச்சமே இல்லாமல். நேரம் முடிந்தது. புத்தகப் பேச்சே எடுக்கவில்லை.

"எல்லாம் போச்சு! கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க முடியலையா உங்களுக்கு?" என்று கணவன்மேல் பாய்ந்தாள்.

"நீதானே எல்லாரும்னு சொன்னே!"

கொழுந்தனுக்கு ஓட்டை வாய். மறுநாள் சாயங்காலமே முதலாளி ஆறுதல் சொல்ல வந்துவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னேனே டீச்சர்" என்று அவர் ஆரம்பித்தபோது போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள். வருவது வரட்டும், எல்லார் முன்னாலும் வரட்டும் என்கிற வீம்பு.

மேலாளர்தான். வகுப்புக்குள் வெளியாட்களை விட்டது தவறு, எழுதிக் கொடுத்ததைத் தூக்கிப்போட்டது தவறு, புத்தகம் விற்காதது பெரிய தவறு என்று அடுக்கினாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா அவர் உங்களைத்தான் கேட்கிறார். உங்க வகுப்புன்னாத்தான் சேருவாராம். நீங்க வர்றீங்களா?"

மகள் கூவியே விட்டாள். முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார். "டீச்சர், அவசரப்படாதீங்க. தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான். இந்த மாசமே. நாளைக்கே வேணும்னாலும் சரி!"

எத்தனை வருடமாக ஏங்கிய வார்த்தை! அவள் தடுமாறித்தான் போனாள். மகளைப் பார்த்தாள். ஒரு வருடம் இந்த முகத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டும்.

"எங்களைப் பார்க்காத, போயிட்டு வா" என்றான் கணவன். "நான் சமைச்சுப் போட்டு இவளைப் பார்த்துக்கறேன்."

"ஐயோ அம்மா, அதுக்காகவாவது சீக்கிரம் வந்துடு" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி.

டீச்சர் போனை வாயருகே கொண்டுபோனாள். "வர்றேன் மேடம். ஆனா நான் பாடம்தான் நடத்துவேன், புத்தகம் விக்க மாட்டேன். அதுக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க."

மேலாளர் சிரித்தாள். "சரி, வாங்க."

போனை வைத்தாள். முதலாளி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டா உங்க வகுப்பை நான் யாரை வச்சு நடத்துறது டீச்சர்? உங்களை மாதிரி ஒரு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"இந்த வார்த்தையை முன்னாடியே சொல்லியிருந்தா நான் போக நினைச்சிருக்கவே மாட்டேன் சார்" என்றாள்.