அங்காயி இல்லாத படம்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் கத்தியது நான்தான். “எங்கட்டி அங்காயி?” என்று நான் போட்ட சத்தத்தில், முன்வரிசையில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன்னைத்தான் ஏதோ கேட்கிறேன் என்று திடுக்கிட்டுத் திரும்பினார். என் பின்னாலேயே எங்கள் கம்பெனி பஸ்காரிகள் அத்தனை பேரும் எழுந்து நின்று “அங்காயி எங்க? அங்காயி எங்க?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் தியேட்டர்காரர் ஏசியை நிறுத்தித்தான் எங்களை வெளியே அனுப்பினார்.

படத்தின் பெயர் ‘ஏழு வாசல் யாளி’. அதே பெயரில் வந்த மாயக்கதை நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். வரி கட்டாதவர்களின் நிழலைப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு ராஜா, நிழலைப் பறிகொடுத்த ஆதிரன் என்று ஒருவன், அவனைச் சுமந்துகொண்டு ஏழு வாசல் தாண்டிப் போகும் பேசுகிற யாளி. யாளியை நன்றாகவே செய்திருந்தார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நிழல் பறிபோன பிறகு வரும் பாட்டில் ஆதிரனின் நிழல் மணலில் ஜம்மென்று கூடவே ஆடுகிறது. இதை யாருமே பார்க்கவில்லையா? நானாக இருந்தால் அந்தப் பாட்டை அங்கேயே சிவப்புத் தட்டில் எடுத்துப் போட்டிருப்பேன்.

சிவப்புத் தட்டு என் தொழில். ஒரகடத்தில் காருக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனியில் நான் குவாலிட்டி. லைனில் வருகிற போர்டைக் கையில் எடுத்து, விளக்கடியில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். பக்கத்தில் குறையே இல்லாத போர்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் மாஸ்டர் பீஸ். அதில் இருக்கிற ஒரு பார்ட் இதில் இல்லையென்றால் ரிஜெக்ட், சிவப்புத் தட்டுக்குப் போகும். அதில் இல்லாதது இதில் கூடுதலாக இருந்தாலும் ரிஜெக்ட். ‘ஏழு வாசல் யாளி’யையும் நான் அப்படித்தான் பார்த்தேன். எனக்கு மாஸ்டர் பீஸ், மாரிசெல்வி சொன்ன கதை.

மாரிசெல்வி தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். தலையணை கனத்துக்கு இருக்கும் அந்த நாவலை எங்கேயோ இரவல் வாங்கி அவள் ஒருத்திதான் படித்தாள். படித்ததை, ஹாஸ்டல் இருக்கும் தண்டலத்தில் கம்பெனி பஸ் ஏறியதும் எங்களுக்குச் சொல்ல ஆரம்பிப்பாள். கம்பெனி வாசலில் நிறுத்துவாள். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வடக்குப்பட்டு ரோடு முனையில் ஏறுகிற எழிலரசி, உள்ளூர்ப் பெண், காலையில் கடைசித் துண்டைத்தான் கேட்பாள். சாயங்காலம் முதல் துண்டோடு இறங்கிவிடுவாள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டு எங்கள் உயிரை வாங்குவாள். டிரைவர் வெங்கடேசண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுவார். கதை முக்கியமான இடத்தில் நிற்கிறாற்போல் இருந்தால், கம்பெனிக்கு முன்னால் இருக்கும் ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஆதிரனும் இல்லை, யாளியும் இல்லை. அங்காயி. படைக்கு வாள் சோதிக்கிறவள். வாளை எடுத்து வெயிலில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “ஆகாது, போடு மூலையில” என்று வீசுவாள். தளபதியே கொண்டுவந்தாலும் அதே பேச்சுதான். யாளி வாயைத் திறந்து கர்ஜித்தால், “மொதல்ல பல்ல வெளக்கிட்டு வா” என்பாள். தூங்கும்போது வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொள்வாள். என் குணம் அப்படியே அவளுக்கும் இருந்தது. எழுதின ஆளுக்குப் பெண்பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நான் பஸ்ஸில் எல்லாரிடமும் வியந்து சொல்லியிருக்கிறேன். இவளை விட்டுவிட்டு ஒரு படம் எடுத்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

தியேட்டர் வாசலில் சண்டை பிடித்துக்கொண்டது. சந்திரலேகாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவளும் எங்கள் அறைதான், எங்கள் பஸ்தான். ஆனால் கடைசி சீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வருவாள், கதை எதுவும் கேட்டதில்லை. யாளி செத்துப்போகிற இடத்தில் அழுது மூக்கெல்லாம் சிவந்து வந்தவளிடம் போய், படம் குப்பை என்று சொன்னேன்.

“எவட்டி அந்த அங்காயி? படத்துல இல்லன்னா போறா. நல்லாத்தான எடுத்திருக்கான்,” என்றாள்.

“புக்குல இருக்கத ஏன் எடுக்கல? அவ இல்லாம எப்படிட்டி ஆறாவது வாசல் தொறக்கும்?”

“புக்குல இருக்குன்னு நீ பாத்தியா?”

“மாரி படிச்சிருக்கா!”

“அப்பம் எந்தப் பக்கம்னு காட்டு. திங்கக்கெழம பஸ்ல எல்லாருக்கும் முன்னால காட்டு. இல்லன்னா மாரி இத்தன நாளா விட்டது பூராவும் டூப்புன்னு நீ உன் வாயால சொல்லணும்.”

“காட்டுதேன் பாரு,” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. திரும்பி மாரிசெல்வியைப் பார்த்தேன். துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு, எங்களை விட்டுத் தள்ளிப் போய்ப் பேல்பூரி வண்டிப் பக்கம் நின்றிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் அவள் கதை சொல்லவில்லை. தலைவலி என்றாள். அதற்கு மறுநாளும் தலைவலி. கதையோ மோசமான இடத்தில் நின்றிருந்தது. படம் வருவதற்கு முன் அவள் கடைசியாகச் சொன்னது, அங்காயி தனியாக ஆறாவது வாசலுக்குள் போகிறாள், அவள் பின்னால் கதவு மூடிக்கொள்கிறது என்பதுதான். படத்தில் அந்த வாசலையே இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். உள்ளே போனவள் என்ன ஆனாள் என்று சொல்ல மாரிசெல்வியை விட்டால் ஆள் இல்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். வெங்கடேசண்ணன் வேண்டாவெறுப்பாக ரேடியோ போட்டார். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே போர்டு பார்க்கிறவளுக்கு நாளில் தனக்கென்று இருப்பது அந்தப் பஸ் நேரம்தான். அது போனதும் எனக்கு வேலைக்குப் போகவே வெறுப்பாக இருந்தது. எனக்குக் கதை வேண்டும். அதற்கு அந்தப் பக்கத்தை நான் காட்டியாக வேண்டும். மாரியிடம் புத்தகத்தைக் கேட்டால், கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நானே வாங்கினேன். படத்து நாயகன் முகம் போட்ட புது அட்டை. முதலில் அங்காயி என்ற பெயரை மட்டும் தேடிப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினேன். கிடைக்கவில்லை. வேறு பெயரில் இருப்பாளோ என்று முதல் வரியிலிருந்து உட்கார்ந்து படித்தேன். டிபன் பிரேக்கில் படித்தேன், துணி ஊறுகிற நேரத்தில் படித்தேன். நான் ஒரு போர்டில் மணல் அளவு பார்ட் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கிறவள். ஓர் ஆளையே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறாவது வாசலை ஆதிரன்தான் திறக்கிறான், ஒரு மந்திரம் சொல்லி. சப்பென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மாரிசெல்வி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவள் பக்கெட் மேல் வைத்தேன்.

“அங்காயி எங்கட்டி?”

“இல்ல,” என்றாள். “நாந்தான் சேத்தேன்.”

“ஏன் சேத்த?”

“ஏ பூமாரி, அரமணத் தூணுக்கு மட்டும் முப்பது பக்கம் எழுதி வச்சிருக்கான். அதச் சொன்ன அன்னைக்கு எல்லாவளும் கொட்டாவி விட்டுட்டுப் போன எடுத்துட்டாளுவ. என்ன செய்யன்னு தெரியல. நீ எந்தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்த. அன்னைக்குத்தான நீ சூப்பர்வைசர்ட்ட சண்ட போட்ட?”

எனக்கு ஞாபகம் வந்தது. லோடு கிளம்புகிற அவசரத்தில் ஒரு தட்டு போர்டு முழுவதையும் நான் ஒதுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் ஸ்ரீதர் சார் வந்து குதித்தார். நான் ஒன்றை எடுத்து விளக்கில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “ஆகாது சார், வேணும்னா நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க” என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். லைனே சிரித்தது.

“அத அப்படியே வாளா மாத்திச் சொன்னேன்,” என்றாள் மாரிசெல்வி. “ஒருத்தி சிரிச்சா. அப்புறம் எல்லாரும் சிரிச்சாளுவ. மறுநா ஏறுனதுமே, ‘அந்த வாள்காரி என்ன செஞ்சா?’ன்னு கேட்டாளுவ. பெறவு அவள எப்படி விட முடியும்?”

நான் தண்ணீர் டேங்கில் சாய்ந்துகொண்டேன். மாதக்கணக்கில் நான் என்னையே ரசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டியதற்காக யாரோ ஓர் எழுத்தாளரைப் பாராட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. இத்தனை நாளில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை.

அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு நானே சொல்லிருதேன். பொய்க்காரின்னு சொல்லிட்டுப் போறாளுவ. இனிமே கதையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கிக்கொண்டேன். “நீ வாயத் தொறக்காத. காட்டுதேன்னு சவால் விட்டது நானு. நானே பேசிக்கிடுதேன்.”

“என்னன்னு பேசுவ?”

துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒருத்திகூடப் போனை எடுக்கவில்லை. சந்திரலேகா கடைசி சீட்டிலிருந்து எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்திருந்தாள். இயர்போன் கழுத்தில் தொங்கியது. “எந்தப் பக்கம்?” என்று கையை நீட்டினாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை நான் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாரிசெல்வி என் பக்கத்தில் உள்ளங்கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான கோபம் வந்தது. நல்லவேளை, வந்தது. எழுந்து நின்றேன்.

“முழுசா படிச்சேன். அட்டையிலருந்து அட்ட வரைக்கும். அங்காயி இல்ல.”

முன்சீட்டுக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“படம் எடுத்தவன் மட்டும் கோட்ட விட்டான்னு நெனச்சேன். எழுதுனவனே கோட்ட விட்டிருக்கான். ஆறாவது வாசல மந்திரம் போட்டுத் தொறக்கான், கேக்கவே நல்லால்ல. படமும் ரிஜெக்ட், புக்கும் ரிஜெக்ட்.” புத்தகத்தைச் சீட்டில் போட்டேன். “ஆகாது.”

சந்திரலேகா லேசுப்பட்டவள் இல்லை. “மாஸ்டர் பீஸ்ல இல்லாத பார்ட்டு இருந்தாலும் ரிஜெக்ட்டுன்னு நீதானட்டி எனக்குச் சொல்லித்தந்த?”

“ஆமா. நம்ம பஸ்ஸுக்கு மாஸ்டர் பீஸ் எதுன்னு நீ எப்பம் கேட்ட? காதத் தொறந்து வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

அவள் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் வெங்கடேசண்ணன் பிரேக் போட்டார். வடக்குப்பட்டு ரோடு முனை. எழிலரசி ஏறினாள், கையில் டிபன் பாக்ஸ், பல்லிடுக்கில் ஹேர்பின்.

“இன்னா எல்லாம் சைலண்டா கீறீங்க? அங்காயி வெளிய வந்துச்சா, இல்லியா?”

“அங்காயி புக்குலயே கெடையாதாம்,” என்றாள் சந்திரலேகா.

எழிலரசி ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தாள். “அது எப்டி புக்குல இருக்கும்? பூமாரிக்கா இங்கதான கீது.”

முதலில் முன்சீட்டில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. வெங்கடேசண்ணன் ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“ஒங்களுக்கெல்லாம் தெரியுமாட்டி?” என்றேன்.

“மொத நாளே தெரியும்மா,” என்றார் வெங்கடேசண்ணன். “நீ ஒரு கண்ண மூடிக்கினு பஸ் டயர பாத்து, ‘காத்து பத்தாது’ன்னு சொல்லுவியே. நான் கண்ணாடில பாத்துகினுதான வரேன்.”

மாரிசெல்வி தலையைத் தூக்கி ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

“தெரிஞ்சா தியேட்டர்ல எதுக்கு எங்கூட சேந்து கத்துனீங்க?” என்றேன்.

“நீ இல்லாத படத்த பாத்துட்டு கத்தாம இன்னா பண்றது?” என்றாள் எழிலரசி. “எவ்ளோ ஆசையா போனோம். ஏழு வாசலும் வந்துச்சு, நீ மட்டும் வரவே இல்ல.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு கன்டெய்னர் லாரி பஸ்ஸை ஒட்டிக்கொண்டு போனது. கண்ணில் தூசி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை, நானும் நம்பச் சொல்லவில்லை.

மாரிசெல்வி தொண்டையைச் செருமினாள். வெங்கடேசண்ணன் ரேடியோவை அணைத்தார்.

“ஆறாவது வாசல் மூடிட்டுல்லா,” என்று ஆரம்பித்தாள். “உள்ள ஒரே இருட்டு. அங்காயிக்கு எதுத்தாப்புல ஒருத்தி உக்காந்திருக்கா. ரெண்டு காதுலயும் பஞ்சு. யாரு எதச் சொன்னாலும், ‘எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?’னு மட்டும் கேப்பா.”

“ஏட்டி, யாரச் சொல்லுத?” என்று பாய்ந்தாள் சந்திரலேகா.

“பேசாம கேளுட்டி,” என்று அவள் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் கழுத்திலிருந்த இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாரிசெல்வி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கம்பெனி வாசல் வந்தபோது அந்தப் பஞ்சுக்காரி இன்னும் அங்காயிக்கு வழி விடவில்லை. வெங்கடேசண்ணன் இண்டிகேட்டரை மாற்றிப் போட்டு, ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.