ராக்காயியின் நாயைச் சுட மறுத்த கதை

1

இந்தக் கதை எனக்கு இலங்கை மலையகத்தில், டிக்கோயா பஸ்ஸில் கிடைத்தது. ஐம்பத்தேழாம் வருடம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, கிழட்டு நாயொன்றைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் பேச்சுக் கொடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

மலைமுகடுகளைப் பனி தழுவிய ஒரு காலை—

(வேண்டாம். பனி இல்லாமல் மலையகக் கதை தொடங்கக் கூடாதென்று யார் சட்டம் போட்டது?)

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பூண்டுலோயா தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது அம்மிக்கல்லைக்கூட லாரியில் ஏற்றினார். கிழட்டு நாயை மட்டும் வீட்டுக்குப் பின்னால் கட்டியபடியே விட்டுவிட்டார். கயிறு அறுத்து அதன் கழுத்து புண்ணாகிக் கிடந்தது. ராக்காயிதான் (பஸ்ஸில் பார்த்தவளுக்கு நான் வைத்த பெயர்) கயிற்றை வெட்டிவிட்டாள். நாய் ஓடிப்போய் தொழிலாளர் லயத்து வடிகானுக்குள் பதுங்கிக்கொண்டது.

அடுத்த மாதம் தோட்டத்தில் நாய் சுடும் நாள். கழுத்தில் பட்டி இருந்தால் வளர்ப்பு நாய், இல்லாவிட்டால் குண்டு. அதற்குள் அந்தக் கழுத்தில் ஒரு பட்டி ஏற வேண்டும்.

3

தினமும் வேலை விட்டதும், பழைய ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கானருகே போய் உட்காருவாள்.

"எனக்கு ஒருநாளாச்சும் இப்புடி ஊறவச்சுக் குடுத்திருக்கியா?" என்பான் புருசன் மூக்கன்.

"ஒங்களுக்குத்தான் பல்லு இருக்கே."

நாய் உறுமும். பின்வாங்கும். ராக்காயிக்கு அழுகை வரும்.

(இந்த இடத்தில் நானே அவள்மேல் சந்தேகப்பட்டேன். இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்? இருந்தது. சந்தேகத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

ஒருநாள் பேய்மழை. கூடையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே போட்டுவிட்டு வந்தாள். அன்று நாய் உறுமவில்லை. நகர்ந்து வந்து, கையிலிருந்தே தின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் தலையில் மாட்டிய கூடைக் கயிற்றோடே போய் நின்றிருக்கிறாள். கொழுந்துக்காரிக்குக் கூடைக் கயிறு தலைமயிர் மாதிரி; இருப்பதே தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

"நாந்தான் புத்திகெட்டவ கெழவா," என்று அதன் புண்ணுக்கு மஞ்சள் தடவினாள். தடவ விட்டது.

4

ஆனால் பட்டியாகக் கட்ட எடுத்த மூக்கனின் பழைய பெல்ட்டைக் கண்டாலே நாய் ஓட்டம்தான். சுடும் நாளும் வந்தது.

முடிவு ஒன்று: காவல்காரர் கந்தப்பன் குறி பார்க்கிறார். ராக்காயி குறுக்கே பாய்கி—

(இல்லை. அழவைப்பது சுலபம். அவளுக்கு அது வேண்டாம், எனக்கும்தான்.)

முடிவு இரண்டு: ராக்காயி துரத்தவில்லை, கத்தவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து பெல்ட்டை வளையமாக விரித்துப் பிடித்தாள். "வா கெழவா," என்றாள்.

நாய் கந்தப்பனின் துப்பாக்கியைக் கடந்து வந்தது. வளையத்தை முகர்ந்தது. பிறகு தானாகவே தலையை உள்ளே விட்டது.

"இது யாரு நாய், அக்கா?" என்றார் கந்தப்பன்.

"எங்க நாய்தான். நல்லாப் பாத்துக்கங்க."

லயமே சிரித்தது. மூக்கன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தானே வென்றதுபோல நின்றான்.

5

அதற்குப் பிறகு நாய் எவ்வளவு காலம் இருந்தது என்று கேட்பீர்கள். கிழட்டு நாய்தானே, ஒருநாள் செத்திருக்கும். அதை நான் எழுதமாட்டேன். எழுதியே தீர வேண்டும் என்றால் பேனாவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நாயை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், ராக்காயியின் காலடியை விட்டு எழுந்து வருகிறதா என்று.